டாக்டரம்மாவின் காரில் கசிந்த புகை

1. மாடு இழுத்து வந்த கார்

அந்தக் கார் எங்கள் பட்டறைக்கு ஓடி வரவில்லை. இரண்டு ஜோடி மாடுகள் அதை இழுத்து வந்தன. ஐப்பசி மழை நாலாவது நாளாகப் பெய்துகொண்டிருந்தது. சக்கரம் முழுக்கச் செம்மண். ஒரு ஹெட்லைட் உடைந்து, இடது மட்கார்டு டயரைத் தொடும் அளவுக்கு மடங்கியிருந்தது.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முந்தைய காலம். புதுக்கோட்டை அப்போது சமஸ்தானம். எனக்கு இருபத்தேழு வயது. கீழராஜ வீதிக்குப் பின்னால் இருந்த ஒரு மோட்டார் பட்டறையில் பிட்டராக இருந்தேன். ஊரில் இருந்த கார்களைப் பெயர் சொல்லி எண்ணிவிடலாம். இது யாருடையது என்று பார்த்தவுடனே தெரிந்தது. பெண்கள் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த லேடி டாக்டருடைய கார். ஒரு அதிகாரியிடமிருந்து அவர் வாங்கிய பழைய ஆறு சிலிண்டர் சலூன். மேல்கூரை மூடிய, நான்கு பக்கமும் கண்ணாடி ஏற்றக்கூடிய வண்டி. அந்த நாளில் அது பெரிய வசதி. மழையில் நனையாமல் போகலாம்.

அரிமளத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்திலிருந்து தலைப்பிரசவத்துக்குக் கஷ்டப்பட்ட ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு கார் டவுனுக்கு வந்திருக்கிறது. பின் சீட்டில் அந்தப் பெண்ணும் மாமியாரும். அதே ஊரில் ஜன்னி கண்ட ஒரு குழந்தையைப் பார்க்க வேண்டியிருந்ததால் டாக்டரம்மா அங்கேயே தங்கிவிட்டு, சீட்டு எழுதிக் கொடுத்து இவர்களை முன்னால் அனுப்பியிருக்கிறார். ஓட்டியவர் டிரைவர் சாகுல் ஹமீது. கண்மாய்க் கரையில் வரும்போது கார் மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்து, கரையிறங்கி, ஒரு பனைமரத்தில் முட்டி நின்றுவிட்டது. வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஓடிப்போய்க் கதவைத் திறந்தபோது சாகுல் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக் கிடந்தாராம். கொஞ்ச நேரத்தில் வந்த பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் ஏற்றி விட்டார்கள். அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள்.

ஆனால் ஊர் சாகுலை விடவில்லை. தூங்கிவிட்டான் என்றார்கள். கஞ்சா குடித்திருப்பான் என்றார்கள். போலீஸ் அவருடைய லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டது. திங்கள்கிழமை விசாரணை. டாக்டரம்மாவும் அவரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

முதலாளி என்னைக் கூப்பிட்டு, "கருப்பையா, மட்கார்டத் தட்டி நிமித்து, லைட்ட மாத்து. அம்புட்டுதான் வேலை. ரெண்டு நாள்ல குடுத்துரணும்" என்றார்.

2. "வலி நின்னுபோச்சுன்னு நெனச்சேன்"

மறுநாள் காலையில் நான் மட்கார்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது சாகுல் பாய் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். இருபது வருஷ சர்வீஸில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்று பெயர் எடுத்தவர். வண்டியைத் தொடவில்லை. தள்ளி நின்றே பார்த்தார்.

"ஸ்டீயரிங்ல ஏதாச்சும் இருக்கா தம்பி? பிரேக்குல?"

"பார்த்துட்டேன் பாய். ரெண்டும் நல்லாத்தான் இருக்கு."

அவர் முகம் விழுந்துவிட்டது. ஏதாவது உடைந்திருக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். எனக்கும் சங்கடமாக இருந்தது.

"நான் தூங்கல தம்பி. அல்லா மேல ஆணையாச் சொல்றேன். தலை கனத்துச்சு. காலு பெடல்ல இருக்கு, ஆனா அமுக்க முடியல. அப்பறம் ஒண்ணும் தெரியல."

"காய்ச்சலா?"

"காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெளிய எறக்கிப் போட்டாங்க, காத்துப் பட்டுச்சு, வாந்தி எடுத்தேன், சரியாப் போச்சு. ஊர்லேருந்து அந்தப் பொம்பளப் புள்ள வேற கத்திக்கிட்டே வந்துச்சு. அரிமளம் தாண்டி கொஞ்ச தூரம் வந்ததும் சத்தத்தக் காணோம். வலி நின்னுபோச்சுன்னு நெனச்சேன்."

நான் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன்.

"அந்தம்மா மாமியா?"

"அதும்தான் தூங்கிருச்சு. கண்ணாடியில பாத்தேன், தலை தொங்கிக் கெடந்துச்சு."

டிரைவர் தூங்கலாம். பிரசவ வலியில் இருக்கிற பெண் எப்படித் தூங்குவாள்? மருமகள் கதறும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாமியார் எப்படித் தூங்குவாள்? மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் தூக்கம் வந்தால் அது தூக்கம் இல்லை. வண்டிக்குள் ஏதோ இருந்திருக்கிறது.

"கண்ணாடியெல்லாம் ஏத்தியிருந்துச்சா?"

"சாரல் அடிக்குது, புள்ளத்தாச்சி நனையக் கூடாதுல்ல. நாலு பக்கமும் ஏத்தித்தான் இருந்துச்சு."

இன்ஜினில் எரிந்த புகை எக்ஸாஸ்ட் மேனிபோல்டு வழியாக, அதாவது ஆறு சிலிண்டரின் புகையையும் ஒன்றாகச் சேர்த்து வெளியேற்றும் வார்ப்பிரும்புக் குழாய் வழியாகப் போய், பின்னால் சைலன்ஸரில் வெளியே வரவேண்டும். வழியில் எங்காவது கசிந்தால் அது வண்டிக்குள் வரலாம். மூடிய அறையில் இன்ஜினை ஓடவிட்டால் ஆள் செத்துப் போவான் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஓடுகிற காரில் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

உடனே இன்ஜினை ஸ்டார்ட் செய்தேன். கசிவு இருந்தால் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் வரும். ரப்பர் டியூப்பின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு ஜாயிண்டாக நகர்த்திப் பார்த்தேன். சத்தம் இல்லை. ஈரச் சாக்கால் சைலன்ஸர் வாயை அடைத்தேன். இன்ஜின் திணறி நின்றதே தவிர எங்கும் சீறவில்லை. குழாய்கள் சேரும் பிளேஞ்சு ஜாயிண்டில் சோப்புத் தண்ணீர் விட்டேன். ஒரு குமிழிகூட வரவில்லை. இன்ஜின் சூடான பிறகு மறுபடியும் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். வண்டி சுத்தமாக இருந்தது.

முதலாளி வந்து பார்த்துவிட்டு, "டிங்கர் வேலைக்கு வந்த வண்டியில என்னத்தடா மோந்து பாத்துக்கிட்டு இருக்க? தூங்குனவன் தூங்கலன்னுதான் சொல்லுவான்" என்றார்.

சாகுல் பாய் கிளம்பிவிட்டார். அவர் பின்னால் போய் நிறுத்தி, "திங்கக்கிழமைக்கு இன்னும் மூணு நாள் இருக்கு பாய்" என்றேன்.

3. ஆஸ்பத்திரி வராந்தா

அன்று மத்தியானம் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன். அழுக்கு நிக்கரோடு அந்த ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததே எனக்கு வெட்கமாக இருந்தது. அவருக்கு முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். திருச்சிப் பக்கம். மெலிந்த உடம்பு, கண்டிப்பான குரல்.

"வண்டி ரெடியாயிடுச்சா?"

"இல்லீங்கம்மா. ஒண்ணு கேக்கணும். உங்களுக்கு அந்த வண்டியில போறப்ப தலைவலி வருமுங்களா?"

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். "ஏன் கேக்குற?"

சாகுல் சொன்னதைச் சொன்னேன். பெண்ணின் கத்தல் நின்றதை, மாமியாரின் தலை தொங்கியதை, கண்ணாடி ஏற்றியிருந்ததை. சொல்லி முடித்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மழைக்காலத்துலதான் வரும்" என்றார் மெதுவாக. "தூக்கம் கெட்டு அலையறதால வருதுன்னு நெனச்சேன்."

எழுந்து வார்டுக்கு நடந்தார். என்னை வராந்தாவில் நிற்கச் சொல்லிவிட்டு, அந்த மாமியாரை வெளியே கூட்டி வந்தார். கண்டாங்கிச் சேலை கட்டிய, உழைத்துக் காய்த்த கைகளோடு இருந்த ஒரு அம்மாள்.

"ஆத்தா, ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லணும். கார்ல வரும்போது தூங்கிட்டீங்களா?"

அந்த அம்மாள் சட்டென்று அழ ஆரம்பித்துவிட்டார். "யாருகிட்டயும் சொல்லல தாயி. மருமவ வலியில கெடக்கா, மாமியாக்காரி தூங்கிட்டாளாம்னு ஊரு காறித் துப்பாதா? ஆனா நான் தூங்கல. கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. அவ கையப் புடிச்சேன், என் கையி எனக்குச் சொந்தமில்லாத மாதிரி ஆயிருச்சு. டிரைவரக் கூப்புடணும்னு வாயத் தொறந்தேன், சத்தம் வரல."

டாக்டரம்மா அவர் தோளைத் தொட்டு, "உங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்றார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"கார்பன் மோனாக்சைடுன்னு ஒரு வாயு. அதுக்கு நெறமும் இல்ல, வாசனையும் இல்ல. ரத்தத்துல பிராணவாயு ஏறுற எடத்துல இது போய் உக்காந்துக்கும். இதை நான் படிச்சிருக்கேன் கருப்பையா. பரீட்சையில எழுதியிருக்கேன். அந்தப் பொண்ணு இங்க வந்தப்ப ஒதடு ரெண்டும் செவப்பா இருந்துச்சுன்னு நர்ஸ் சொன்னா. வெத்தல போட்டிருப்பான்னு விட்டுட்டேன்."

அவர் குரலில் அப்போது கண்டிப்பு இல்லை.

"எங்க கசியுதுன்னு கண்டுபிடிச்சியா?"

"இல்லீங்க. பட்டறையில வெச்சுப் பாத்தா ஒண்ணுமே தெரியல."

"இங்க சும்மா இருக்கும்போது சரியா இருக்குற ஆளு மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குவான். அவனை ஏற வெச்சுத்தான் பாப்போம்" என்றார் அவர்.

எனக்கு அங்கேயே புத்தி வந்தது. பட்டறையில் இன்ஜின் சும்மா ஓடுகிறது. அன்று அது செம்மண் சேற்றில் செகண்ட் கியரில் மூன்று பேரை இழுத்துக்கொண்டு திணறி வந்திருக்கிறது. பளு ஏறினால்தான் மேனிபோல்டுக்குள் அழுத்தம் ஏறும். நான் அதற்குப் பளுவே கொடுக்கவில்லை.

4. செம்புராங்கல் பாரம்

சனிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. பட்டறைக்கு எதிரே வீடு கட்ட இறக்கியிருந்த செம்புராங்கல்லைக் கேட்டு வாங்கி ஒரு மாட்டு வண்டி நிறைய ஏற்றினேன். மாட்டை அவிழ்த்துவிட்டு, வண்டியின் முன்கட்டையைக் காரின் பின்பக்கம் வடக்கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். முதலாளி இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"காரு மாட்டு வண்டிய இழுக்குறத எங்கயாச்சும் பாத்திருக்கியாடா?" என்று பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டார். சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று.

டேங்கில் இருந்த பெட்ரோலில் கொஞ்சம் இன்ஜின் ஆயிலைக் கலந்தேன். அப்படிச் செய்தால் புகை வெள்ளையாக, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வரும். இன்ஜின் மூடியின் ஒரு பக்கத் தகட்டை மடக்கித் திறந்து கட்டிவிட்டு, நான் வலது பக்க மட்கார்டின் மேல் குப்புறப் படுத்துக்கொள்வதாக ஏற்பாடு. யார் ஓட்டுவது? சாகுல் பாய்க்கு லைசென்ஸ் இல்லை.

"நான் ஓட்டுறேன்" என்றார் டாக்டரம்மா. சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறினார். நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டோம். சாகுல் பாய் பாரவண்டியின் மேல் கல்லோடு கல்லாக ஏறி உட்கார்ந்தார். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் ஆஸ்பத்திரி வாசல் வரை நின்றது.

டவுனைத் தாண்டியதும் அரிமளம் சாலையில் ஒரு சின்ன ஏற்றம் உண்டு. அங்கே செகண்ட் கியர் போடச் சொன்னேன். இன்ஜின் உறுமியது. முகத்தில் அனல் அடித்தது. மேனிபோல்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒன்றுமில்லை.

"இன்னும் மிதிக்கட்டுமா?" என்று கத்தினார்.

"மிதிங்கம்மா!"

அப்போதுதான் அதைப் பார்த்தேன். ஐந்தாவது, ஆறாவது சிலிண்டருக்கு நடுவே, மேனிபோல்டின் பின்பக்கத்தில், கை நுழையாத இடத்தில், ஊதுவத்திப் புகை மாதிரி ஒரு வெள்ளை இழை எழுந்தது. இன்ஜின் மூச்சுக்கு மூச்சு அது துடித்தது. காற்றில் கலைந்து போகும் என்று நினைத்தேன். போகவில்லை. நேராகப் பின்னால் ஓடி, இன்ஜினுக்கும் சீட்டுக்கும் நடுவே இருக்கும் தகட்டில், கிளட்ச் ராடு நுழையும் ஓட்டைக்குள் புகுந்தது. அந்த ஓட்டையில் இருக்க வேண்டிய ரப்பர் மூடி எப்போதோ விழுந்துபோயிருந்தது. யாரோ உள்ளேயிருந்து நூலைப் பிடித்து இழுப்பது போல அந்தப் புகை உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

இத்தனை பெரிய இரும்பில் இவ்வளவு சின்ன ஒரு இடம். அது மூன்று பேரின் மூச்சை நிறுத்தப் பார்த்திருக்கிறது. பிறக்காத ஒரு பிள்ளையையும் சேர்த்தால் நான்கு.

"என்ன கருப்பையா? தெரியுதா?"

"தெரியுதும்மா. நிறுத்துங்க. நீங்களே வந்து பாருங்க."

அவர் இறங்கி வந்து குனிந்தபோது புகை அடங்கிவிட்டது. இன்ஜின் சும்மா ஓட ஆரம்பித்ததும் வெடிப்பு மூடிக்கொண்டது. அதனால் சாகுல் பாயை மட்கார்டின் மேல் படுக்க வைத்து, டாக்டரம்மா மறுபடியும் ஏற்றத்தில் ஓட்டினார். நான் கூடவே ஓடினேன்.

பாய் பார்த்தார். "யா அல்லா" என்று ஒரு முறை சொல்லிவிட்டு, நெற்றியைச் சூடான அந்தத் தகட்டின் மேலேயே வைத்துக்கொண்டு கிடந்தார். நான்தான் அவரைத் தூக்கி விட்டேன்.

5. ஸ்டேஷன் மேஜை

திங்கள்கிழமை மேனிபோல்டைக் கழற்றிச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். டாக்டரம்மா முன்னால் நடந்தார். சாகுல் பாய் பின்னால் வந்தார். நான் அந்த இரும்பை சப் இன்ஸ்பெக்டர் மேஜை மேல் வைத்தேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல எங்கய்யா ஓட்டை? நல்லாத்தானே இருக்கு?"

"கொஞ்சம் மண்ணெண்ணெய் வேணுங்க. ஒரு சாக்பீஸும் வேணும்."

அரிக்கன் விளக்கிலிருந்து எண்ணெய் எடுத்துக் கொடுத்தார்கள். உள்பக்கம் எண்ணெயைத் தடவினேன். பத்து நிமிஷம் காத்திருந்தோம். வெளிப்பக்கத்தைத் துணியால் காயத் துடைத்து, சாக்பீஸைப் பொடி செய்து பூசினேன். வெள்ளை வெளேர் என்று இருந்தது. எல்லாரும் மேஜையைச் சுற்றி நின்றார்கள். கான்ஸ்டபிள்கள்கூட உள்ளே வந்துவிட்டார்கள்.

வெள்ளையின் நடுவே மெல்ல ஒரு ஈரக்கோடு தெரிந்தது. முதலில் ஒரு எறும்பு நீளம். பிறகு சுண்டுவிரல் நீளம். யாரும் தொடாமல், தானாக வளைந்து வளைந்து நீண்டது. எத்தனையோ முறை இந்தச் சோதனையைச் செய்திருக்கிறேன். அன்று எனக்கே உடம்பு சிலிர்த்தது.

"இந்தக் கோடா?" என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

"இதுதாங்க."

அப்போது டாக்டரம்மா பேசினார். "எழுதிக்கோங்க சார். டிரைவர் தூங்கல, குடிக்கல. விஷப்புகையில மயங்கியிருக்கார். சேத்துல செகண்ட் கியர்ல வண்டிய மெதுவாத்தான் ஓட்டியிருக்கார். இல்லேன்னா கண்மாய்க்குள்ள போயிருக்கும். வண்டி என்னோடது. அதை நல்லா வெச்சுக்காதது என் தப்பு. அந்தப் பொண்ணோட ஒதடு செவந்திருந்துச்சுன்னு நர்ஸ் சொல்லியும் ஏன்னு கேக்காதது டாக்டருங்கற முறையில இன்னொரு தப்பு. ரெண்டையும் எழுதிக்கோங்க."

அந்தக் காலத்தில் ஒரு டாக்டர், அதுவும் போலீஸ் ஸ்டேஷனில், தன் டிரைவரை நிற்க வைத்துக்கொண்டு இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பிறகும் கேட்டதில்லை. சப் இன்ஸ்பெக்டர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுதான் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் டாக்டரம்மா சாகுல் பாயிடம், "என்ன மன்னிச்சிருங்க" என்றார்.

பாய் பதறிப்போய், "என்னங்கம்மா இது, பெரிய வார்த்தையெல்லாம்" என்று தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

6. பர்லாங் கல்

மேனிபோல்டைத் திருச்சிக்கு அனுப்பி, வார்ப்பிரும்பு வெல்டிங் தெரிந்த பட்டறையில் பற்றவைத்து வாங்கினோம். புகை கசியாதபடி இடையில் புது கேஸ்கெட் போட்டு மாட்டினேன். தகட்டு ஓட்டைகள் எல்லாவற்றுக்கும் ரப்பரும் தோலும் வைத்து அடைத்தேன். கல் வண்டியைக் கட்டி மறுபடியும் இழுத்துப் பார்த்தேன். புகை இல்லை. வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

டாக்டரம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "கண்ணாடி நாலையும் ஏத்திட்டு, நான் பின்னாடி உக்காந்து பாக்கணும்."

"நான் உக்காருறேன்மா. ஒங்களுக்கு எதுக்கு?"

"பேஷண்ட்ட உக்கார வெக்கிற எடத்துல முதல்ல நான் உக்காரணும்."

பேச்சு அதோடு முடிந்தது. கல் வண்டியைக் கட்டினோம். சாகுல் பாய் ஓட்டினார். நான் அவர் பக்கத்தில், கதவுக் கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்தேன். டாக்டரம்மா பின்சீட்டில், ஒரு கையால் மற்ற கையின் நாடியைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். திருமயம் சாலையில் செகண்ட் கியரிலேயே போனோம். வண்டிக்குள் வெக்கை தாங்கவில்லை.

மைலுக்கு எட்டுக் கல் உண்டு. முதல் பர்லாங் கல் வந்தது.

"டாக்டரம்மா!"

"இருக்கேன் சாகுல்."

அடுத்த கல்.

"அம்மா, முழிச்சிருக்கீங்களா?"

"முழிச்சிருக்கேன். ரோட்டப் பாருங்க."

ஒவ்வொரு கல்லுக்கும் பாய் கூப்பிட்டார். ஒவ்வொரு கல்லுக்கும் இவர் பதில் சொன்னார். எட்டாவது கல்லில் டாக்டரம்மா பதில் சொல்ல ஒரு கணம் தாமதமானது. பாய் பிரேக்கை மிதித்தேவிட்டார். நான் கதவைத் திறந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால், அவர் நாடித் துடிப்பை எண்ணிக்கொண்டிருந்ததால் பேசவில்லை.

"எண்ணிக்கையக் கெடுத்துட்டீங்களே" என்று சிரித்தார். பாய்க்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் கியர் போட்டார். போய்வர நாலு மைல். திரும்பி வந்து இறங்கியபோது டாக்டரம்மாவுக்குத் தலைவலி இல்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, நேராக வார்டுக்குப் போய்விட்டார்.

அதன்பின் நாற்பது வருஷத்துக்கு மேல் நான் இந்தத் தொழிலில் இருந்தேன். எத்தனையோ மேனிபோல்டு கழற்றினேன், மாட்டினேன். வேலை பழகுகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். நின்றுகொண்டு ஓடுகிற இன்ஜின் பாதி உண்மையைத்தான் சொல்லும். அது எந்தப் பளுவில் கெட்டதோ அந்தப் பளுவைக் கொடுத்துப் பாருங்கள். அதற்கும் முன்னால், ஸ்பேனரை எடுப்பதற்கும் முன்னால், அந்த வண்டியில் யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், அவர்களுக்கு என்ன ஆனது என்று கேளுங்கள். சொல்கிறவர் வேலை போன டிரைவராக இருந்தாலும், அழுகிற மாமியாராக இருந்தாலும், முழுக்கச் சொல்லி முடிக்கட்டும்.